கொழும்பா, சென்னையா, லண்டனா: டிக்கெட்டை எங்கிருந்து தொடங்குவது?

லண்டனிலிருக்கும் மகன் அங்கிருந்தே டிக்கெட் எடுத்து அனுப்பினால் மலிவாக விழும் என்று கொழும்பு வெள்ளவத்தையில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அது பெரும்பாலும் சரியல்ல. கொழும்பு–லண்டன்–கொழும்பு டிக்கெட்டுக்கு மகன் அங்கே பவுணில் பணம் கட்டினாலும், அம்மா காலி வீதி டிக்கெட் முகவரிடம் ரூபாயில் கட்டினாலும், அடிப்படைக் கட்டணம் அநேகமாக ஒன்றுதான். நாணயமாற்று, வங்கி அட்டைக் கழிவு, முகவரின் சேவைக் கட்டணம் ஆகியவற்றில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். விலையைத் தீர்மானிப்பது வாங்குபவர் இருக்கும் ஊர் அல்ல, முதல் விமானம் புறப்படும் ஊர். லண்டன் விலை வேண்டுமானால் பயணம் லண்டனில் தொடங்க வேண்டும்.

ஒரே விமானத்துக்கு ஏன் இரண்டு விலை? வரிதான் காரணம் என்பார்கள். பிரித்தானியாவின் வான்பயண வரி பெரியதுதான்: கொழும்புக்குச் சாதாரண வகுப்பில் 2025 ஏப்ரல் முதல் 90 பவுண், 2026 ஏப்ரல் முதல் 102 பவுண். ஆனால் கொழும்பில் தொடங்குபவரும் திரும்பும்போது லண்டனிலிருந்துதானே ஏறுகிறார்? அந்த வரி இருவரின் டிக்கெட்டிலும் இருக்கிறது. உண்மைக் காரணம் கூட்டம். யூலைக் கடைசியில் லண்டன் பள்ளிக்கூடங்கள் மூடியதும் பிள்ளைகளோடு ஊருக்கு வருபவர்களால் இந்தப் பக்கம் வரும் விமானங்கள் நிரம்பும். நல்லூர்த் திருவிழாவும் அதே காலத்தில் வரும். எதிர்த்திசையில் அப்போது இருக்கை கிடைப்பது எளிது, அதை நிரப்ப விலை இறங்கும். ஓகஸ்ட் முடிவில் நிலைமை தலைகீழாகும். ஆகவே லண்டன் விலையைப் பார்த்துக் கொழும்புக்காரர் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. தம் திசையில் கூட்டம் குறைந்த வாரத்தைத் தேடுவதே கெட்டித்தனம்.

சென்னை இதைவிட வேடிக்கையானது. சென்னையிலிருந்து கொழும்பு வழியாக லண்டன் போகும் டிக்கெட், கொழும்பிலிருந்து நேரே போகும் டிக்கெட்டைவிடச் சில நாட்களில் மலிவாக இருக்கும். ஒரு விமானம் அதிகம், விலை குறைவு! சென்னையில் வளைகுடா நிறுவனங்களும் லண்டனுக்கு நேரடி விமானமும் போட்டிக்கு நிற்பதால், சுற்றிப் போகும் நிறுவனம் விலையைக் குறைத்தே ஆளை இழுக்க வேண்டியிருக்கிறது. சரி, அந்த டிக்கெட்டை வாங்கிக் கொழும்பில் ஏறிக்கொள்ளலாமா? முடியாது. முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதிப் பகுதிகள் எல்லாம் ரத்தாகிவிடும். ஆகவே கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னை போய், மறுபடி கட்டுநாயக்கவில் இறங்கி, அங்கிருந்து லண்டன் போக வேண்டும். சென்னைக்குத் தனி டிக்கெட், இந்திய விசா, பொதியை எடுத்து மறுபடி ஒப்படைக்கும் அலைச்சல் எல்லாம் சேரும். முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினால், இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். சென்னையில் உறவினர் வீட்டில் சில நாள் தங்க இருப்பவருக்கு இது பொருந்தும். மற்றவருக்கு மிச்சம் பிடிக்கும் தொகை பாதி வழியிலேயே கரைந்துவிடும்.

ஆனால் பெரிய பணம் போவது வாங்கும் நாளில் அல்ல, திகதி மாற்றும் நாளில். மகளின் பிள்ளைப்பேற்றுக்காகப் போகும் அம்மாவுக்குத் திரும்பும் நாள் எப்படித் தெரியும்? திகதி மாற்றினால் இரண்டு செலவு வரும்: ஒன்று மாற்றுக் கட்டணம், மற்றது கட்டண வித்தியாசம். ‘மாற்றுக் கட்டணம் இல்லை’ என்ற விளம்பரம் முதலாவதை மட்டுமே நீக்குகிறது. சாதாரண வகுப்புக்குள்ளேயே பல விலைப் படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. புதிய திகதியில் உங்கள் எழுத்தில் இடம் இருந்தால் வித்தியாசம் அநேகமாகப் பூச்சியம். இல்லையென்றால் அடுத்த படிக்கு ஏற வேண்டும். உதாரணத்துக்கு, 100 டொலர் மாற்றுக் கட்டணத்துக்கு மேல் 180 டொலர் வித்தியாசம் என்று வந்து நிற்கும். எனவே முகவரிடம் “எந்தத் திகதிக்கு மாற்றலாம்?” என்று கேட்பதைவிட, “எங்கள் எழுத்தில் எந்தத் திகதியில் இடம் இருக்கிறது?” என்று கேளுங்கள். இரண்டு நாள் தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் முழுவதும் மிஞ்சலாம்.

பலர் தடுமாறும் இடம் இன்னொன்று. அம்மா இப்போது லண்டனில் இருப்பதால் லண்டன் விலையில் கணக்குப் போடுவார்கள் என்று எண்ண வேண்டாம். டிக்கெட் கொழும்பில் தொடங்கியதால் வித்தியாசமும் கொழும்பு விலைப் பட்டியலிலிருந்தே வரும். ஆகவே மாற்றுவதற்கு முன், அந்த நாளுக்கு லண்டன்–கொழும்பு ஒருவழி டிக்கெட் என்ன விலை என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். சில வேளை அதுவே மலிவு. அப்படியானால் பழைய திரும்பும் பகுதியை விமானம் புறப்படுமுன் ரத்துச் செய்து, பயன்படுத்தாத வரியைத் திருப்பிக் கேளுங்கள். டிக்கெட் பணம் திரும்பாவிட்டாலும், வான்பயண வரியைக் கேட்டுப் பெற வழி இருக்கிறது. கேட்காதவருக்கு யாரும் தாமாகக் கொடுப்பதில்லை. ரத்துச் செய்யாமல் விமானத்தைத் தவறவிட்டால் மிச்சமிருந்த மதிப்பும் போய்விடக்கூடும்.

போகவும் வரவும் தனித்தனி ஒருவழி டிக்கெட்டுகளை முன்கூட்டியே வாங்குவதை நீண்ட தூரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய நிறுவனங்களில் ஒருவழி விலை பெரும்பாலும் இருவழியின் பாதியைத் தாண்டிவிடும். வருகையாளர் விசாவில் போகிறவரிடம் திரும்பும் டிக்கெட் எங்கே என்றும் கேட்கக்கூடும்.

நாள் தெரியாத அம்மாவுக்கு நான் கொழும்பில் தொடங்கும், திரும்பும் திகதி மாற்றக்கூடிய இருவழி டிக்கெட்டையே எடுப்பேன், மலிவு டிக்கெட்டைவிடச் சற்றுக் கூடினாலும். அதையும் தெரிந்த முகவரிடம். டிக்கெட்டை வழங்கியவரே மாற்ற வேண்டும் என்று விமான நிறுவனங்கள் பெரும்பாலும் கைவிரித்துவிடும். முகம் தெரியாத இணையத்தளத்தில் வாங்கியிருந்தால், இரவில் தொலைபேசியில் இசை கேட்டுக்கொண்டு காத்திருப்பவர் லண்டன் மகனாகத்தான் இருப்பார்.