‘ஒருமுறை நடு, பல வருஷம் பறி’: காரைக்குடிப் பக்கத்து நர்சரியின் ஆறு கன்றுகள்

காரைக்குடி வட்டாரத்து நர்சரி ஒன்றில் ‘ஒருமுறை நடு, பல வருஷம் பறி’ என்று அட்டையில் எழுதி, ஆறு கன்றுகளைச் சேர்த்து 600 ரூபாய்க்குத் தருகிறார்கள். ஒட்டுக் கத்தரி, கோவை, தவசிக்கீரை, கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை. ஐந்துக்கு அந்த அட்டை பொருந்தும், ஒன்றுக்குப் பொருந்தாது.

முதலிடம் ஒட்டுக் கத்தரிக்கு. அடியில் சுண்டை, மேலே கத்தரி. வீட்டுத் தோட்டத்தில் கத்தரி திடீரெனத் துவண்டு சாவதற்குப் பெரும்பாலும் வாடல் நோயோ வேர்முடிச்சு நூற்புழுவோ காரணம். இரண்டும் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுபவை, சுண்டை வேர் இரண்டையும் நன்றாகத் தாங்கும். இங்கே ஒட்டு சுத்தமாகப் பிடித்திருக்கிறது: ஒட்டைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் இருந்த இடத்தில் தழும்பு சுற்றிலும் மூடியிருக்கிறது, தண்டை லேசாக வளைத்தாலும் விரிசல் தெரிவதில்லை. நடும்போது இந்தத் தழும்பு மண்ணுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நிற்கட்டும். மண் மூடினால் கத்தரித் தண்டே வேர் இறக்கிவிடும், நோயும் அந்த வழியாகவே நுழையும். தழும்புக்குக் கீழே வரும் துளிரை வாரம் ஒருமுறை கிள்ளிவிடுங்கள். விட்டுவிட்டால் சுண்டை மேலேறிக் கத்தரியை அமுக்கிவிடும். வெள்ளைப் பூ கொத்தாகத் தெரிந்தால் அது சுண்டைக் கிளை. வற்றலுக்குச் சுண்டை வேண்டுமென்றால் தனியாக ஒரு செடி வையுங்கள், ஒட்டே தேவையில்லாமல் வருஷக்கணக்கில் காய்க்கும்.

கோவைக்காய்க் கொடியிலும் கடைக்காரர் சரியாகச் செய்திருக்கிறார். விதை போட்டால் ஆண் கொடியா பெண் கொடியா என்று பூக்கும்வரை தெரியாது. இவர்கள் கொடுப்பது பெண் கொடியிலிருந்து வெட்டிய தண்டு. பூத்திருக்கும் கன்றாகப் பார்த்து எடுங்கள்: வெள்ளைப் பூவின் அடியில் விரல்நகம் அளவு பிஞ்சு ஒட்டியிருந்தால் பெண், வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண். ஐந்தடி உயரப் பந்தல் போதும்.

தவசிக்கீரை அரை நிழலிலும் தழைக்கும், பின்கட்டுச் சுவரோரம் வைக்கலாம். ஆனால் கடையில் ‘பச்சையாகவே சாறு பிழிந்து குடிக்கலாம்’ என்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள். 1990களில் தைவானில் உடல் இளைக்கவென்று இதன் பச்சைச் சாற்றை நிறையக் குடித்த பலருக்கு நுரையீரல் மீளாதபடி கெட்டது. அளவாக, வேகவைத்துச் சாப்பிடுங்கள். கறிவேப்பிலைக் கன்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை முருங்கையில்தான். கொடுப்பது பி.கே.எம்.1 விதைக் கன்று. பெரியகுளத்தில் உருவான அருமையான ரகம், ஆறு மாதத்திலேயே காய் பார்க்கலாம். ஆனால் அது செடிமுருங்கை. காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டினால் மறுதாம்பு, அதாவது வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்த்துக் காய்ப்பது, இரண்டு, மூன்று வருஷம் வரும், அதன் பிறகு பலன் இறங்கிவிடும். இதை அந்த அட்டையின் கீழ் வைத்து விற்பது நியாயமில்லை. மரமாக நிற்க வேண்டுமென்றால், நன்றாகக் காய்க்கிற மரமுருங்கையில் மணிக்கட்டுப் பருமனில் மூன்றடிப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு) வாங்கி, ஓரடி மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, மேல்வெட்டில் பசுஞ்சாணி அப்புங்கள். தண்ணீர் தேங்கினால் போத்து அழுகும்.

எலுமிச்சையும் விதைக் கன்றுதான், அதற்காக ஒதுக்க வேண்டாம். எலுமிச்சை விதை பெரும்பாலும் தாயைப் போலவே வரும், காய்க்க நாலைந்து வருஷம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். செட்டிநாட்டு வீடுகளில் அதற்கு வேறொரு ஆபத்து உண்டு. பழைய சுவரை இடித்த காரை (சுண்ணாம்புச் சாந்து) தோட்டத்து மண்ணில் கலந்து கிடக்கும். சுண்ணாம்பு மண்ணிலுள்ள இரும்புச் சத்தை வேருக்குக் கிடைக்காமல் பூட்டிவிடும். அப்போது இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துச் சாயங்காலம் தெளித்தால் பச்சை திரும்பும், ஆனால் காரை இருக்கும்வரை மறுபடி வெளுக்கும். மதிலிலிருந்து எட்டடி தள்ளி, இரண்டரை அடிக்குக் குறையாமல் குழி எடுத்து, காரைத் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரமும் 1 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள்.

குழியடியில் செம்புறாங்கல் (கெட்டியான சிவப்புக் கல்) தட்டினால் கடப்பாரையால் உடைத்துவிட்டு நடுங்கள். உடைக்காவிட்டால் ஐப்பசி மழைத் தண்ணீர் வடிய வழியின்றிக் குழி தொட்டியாகிவிடும், வேர் மூச்சடைத்துச் சாகும்.

பணம் கொடுக்கும் முன் பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். இந்த நர்சரியில் எலுமிச்சைக் கன்றுகள் சிலவற்றில் வேர் பைக்குள்ளேயே வட்டமாகச் சுருண்டிருக்கிறது. அப்படியே நட்டால் சுருள் பிரியாது. வேறு கன்று கேட்டால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறார்கள். முருங்கையை எடுத்துவிட்டு அதற்குப் பதில் இன்னொரு ஒட்டுக் கத்தரி கேட்டாலும் அதே விலைக்குக் கிடைக்கிறது.