கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகும் ஸ்டுடியோக்காரர்களே, ‘ஓவர்கிளாக்கிங் சார்ஜ்’ கேட்டால் உஷார்

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ஒரு கடையில் எடிட்டிங் சிஸ்டத்துக்காக என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். கார்டின் விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு மேல் 2,500 ரூபாயை ‘ஓவர்கிளாக்கிங் சார்ஜ்’ என்று கறந்தார்களே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஓவர்கிளாக்கிங் என்றால் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் கார்டை ஓட்டுவது. மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் சிலரிடமும் முகூர்த்த சீசனுக்கு முன்னால் இதே பேச்சை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள்.

“அண்ணே, கம்பெனிக்காரன் கார்டை அமுக்கி வச்சுத்தான் அனுப்புவான். நாங்க திறந்துவிட்டா முப்பது பர்சென்ட் கூடும். எக்ஸ்போர்ட் பறக்கும் பாருங்க.”

முப்பது பர்சென்ட் என்பது சுத்தப் புளுகு. 2012இல் ஜிடிஎக்ஸ் 680 என்ற கார்டு வந்தபோதே என்விடியா ‘ஜிபியு பூஸ்ட்’ கொண்டுவந்துவிட்டது. சூடும் வாட்டேஜும் இடம் கொடுக்கிற வரை கார்டு தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். கடைக்காரர் திறந்துவிடுவதற்கு உள்ளே பெரிதாக எதுவும் பூட்டிக் கிடக்கவில்லை. 4060க்கு என்விடியா சொல்லும் பூஸ்ட் வேகம் 2460 மெகாஹெர்ட்ஸ். பெட்டியிலேயே ‘ஓசி’ (ஓவர்கிளாக்) என்று அச்சடித்து வருகிற கார்டுகளில் சிலவற்றுக்கு 2475தான். வெறும் 15 மெகாஹெர்ட்ஸ், ஒரு சதவீதம்கூடத் தேறாது. பொறுமையாக உட்கார்ந்து கையால் ஏற்றி கேமில் ஐந்து சதவீதம் கிடைத்தாலும் 60 ஃபிரேம் 63 ஆகும், அவ்வளவுதான். நம் வேலைக்கு அதுவும் இல்லை. எக்ஸ்போர்ட்டில் வீடியோவைச் சுருக்கிக் கொடுப்பது கார்டுக்குள் தனியாக இருக்கும் என்வென்க் என்ற பகுதி. பல நேரம் அதுவே பிராசசருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் காத்துக்கொண்டுதான் நிற்கும்.

சித்திரை வெயிலில் ஆட்டம் ஆரம்பித்தது. ரிசப்ஷன் வீடியோ பாதி ஓடும்போது திரை கறுத்து, திரும்பி வந்தால் எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியர் மூடிக் கிடக்கும். கோளாறுகளைப் பதிந்துவைக்கும் விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு, டிஸ்ப்ளே டிரைவர் நின்று மறுபடி எழுந்ததாகப் பதிவு. பெண் வீட்டார் ஆல்பம் எங்கே, பென் டிரைவ் எங்கே என்று போன் மேல் போன்.

கடைக்குப் போனால், “உங்க ஊர்ல பம்புசெட் ஓடுது, வோல்டேஜ் நிக்காதுண்ணே. ஒரு ஸ்டெபிலைசர் போட்டுடுவோம்” என்கிறார். கோடையில் மோட்டார்கள் ஓடும்போது எங்கள் பக்கம் டியூப் லைட் சிமிட்டுவது உண்மைதான். டெல்டாக்காரன் எவனும் மறுக்க முடியாத காரணமாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள்! ஆனால் என் சிஸ்டம் ஓடுவது ஆன்லைன் யுபிஎஸ்ஸில். அதன் வெளியீடு 230 வோல்ட்டில் அசையாமல் நிற்கிறது. அதைச் சொன்னதும், சிஸ்டத்துக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் சின்னதாக இருக்கிறது என்று தாவினார். இந்தக் கார்டு இழுப்பது 115 வாட். என்விடியா கேட்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். என்னிடம் இருப்பது 650.

தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் வந்து பார்த்தான். கார்டின் வேகத்தை மாற்ற எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்று ஒரு சாஃப்ட்வேர், எந்தக் கம்பெனி கார்டானாலும் வேலை செய்யும், இணையத்தில் இலவசம். கடையில் அதை நிறுவி, கார்டின் மூளையான கோரின் வேகத்தை 250, மெமரியை 1500 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளி, கம்ப்யூட்டர் போட்டதும் தானாக ஓடும்படி வைத்திருக்கிறார்கள். சத்தம் வரக் கூடாதென்று ஃபேனை வேறு 40 சதவீதத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். “மாமா, இதுக்கா ரெண்டாயிரத்து ஐந்நூறு?” என்றான். ரீசெட் பொத்தானை ஒரு அழுத்து. அதற்குப் பிறகு திரை கறுக்கவே இல்லை. அதே ரிசப்ஷன் வீடியோவின் சின்னத் துண்டு ஒன்றை இரண்டு விதமாகவும் எக்ஸ்போர்ட் செய்து பார்த்தோம். சில விநாடி வித்தியாசம். சமயத்தில் கம்பெனி செட்டிங்கே முந்தியது.

ஓவர்கிளாக் பண்ணவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேம் விளையாடுகிற பையன்களுக்கு அது ஒரு ருசி. கோரை 15, 30 மெகாஹெர்ட்ஸ் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்து, தடுமாறினால் இறங்கிவிட வேண்டும். மார்கழியில் நிற்கிற செட்டிங் சித்திரையில் நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஸ்டுடியோவுக்கு என்றால் நேர்மாறாக, வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுகிற ‘அண்டர்வோல்ட்’ உருப்படியான காரியம். வேகம் அநேகமாக அப்படியே இருக்கும், சூடும் ஃபேன் சத்தமும் குறையும். அறுவடை நேரத்தில் ஜன்னல் வழியாக வரும் நெல் தூசியை ஃபேனிலிருந்து ஊதி எடுத்தாலே பாதி சூடு தணியும்.

பில்லையும் பாருங்கள். கடையின் ஜிஎஸ்டி எண் 15 இலக்கம், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33இல் தொடங்கும். கார்டின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள், வாரண்டிக்குப் போனால் அதைத்தான் கேட்பார்கள். என் பில்லில் இரண்டும் இருந்தன. அந்த 2,500 மட்டும் இல்லை, அதைத் தனியாக ஜிபேயில் போடச் சொன்னார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “சர்வீஸ் சார்ஜ் ரிட்டர்ன் கிடையாதுண்ணே” என்று முடித்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். கையில் இருக்கும் ஆதாரம் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும், ‘ஓசி பண்ணியாச்சு அண்ணே’ என்று கடையிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியும்தான். இதே கடையில் இப்படிக் கொடுத்தவர்கள் இருந்தால் இரண்டையும் அழித்துவிடாதீர்கள்.