முதல் வரைவை யார் எழுதுவது: மாணவரா, சாட்ஜிபிடியா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து பெங்களூரில் எழுத்து வகுப்பு எடுக்கும் நமக்கு இரண்டு வழிகள். ஏஐயிடம் முதல் வரைவை வாங்கி மாணவர்களைத் திருத்தச் சொல்லலாம். வெற்றுத்தாள் பயம் போய்விடும், சரி. ஆனால் அல்சூர் சந்தையைப் பற்றிக் கேட்டால் எந்த ஊர்ச் சந்தைக்கும் பொருந்தும் ‘வண்ணமயமான, பரபரப்பான’ வரிகளைத்தான் பெரும்பாலும் தரும், சில சமயம் இல்லாத நூலைக்கூட மேற்கோள் காட்டும், அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணித்து எழுதுவதுதானே அதன் வேலை.

அல்லது மாணவரே எழுதிவிட்டு, ‘திருத்தாதே, புரியாத இடத்தில் கேள்வி மட்டும் கேள்’ என்று அதனிடம் கொடுக்கலாம். பூக்காரம்மா முழம் போடும்போது கையைச் சுருக்குவதைப் பார்த்து எழுதிய பிள்ளையிடம் ‘ஏன் சுருக்குகிறார்?’ என்று கேட்டால், அடுத்த பத்தி தானாக வரும். நேரம் பிடிக்கும்தான், ஆனாலும் முதலாண்டுக்கு இதையே சொல்வேன். முந்தையதைப் பிழை கண்டுபிடிக்கும் பயிற்சியாக அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.