மூளை ஆய்வுக்குப் பெங்களூரு: ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ், நிம்ஹான்ஸ் – யாருக்கு எது?

நரம்பறிவியலில் முனைவர் பட்டத்துக்காகப் பெங்களூரு வர நினைக்கும் நம் பிள்ளைகள், "எதுக்குப் பேர் அதிகம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மூன்றுக்குமே பேர் உண்டு. ஐந்தாறு வருஷம் தினமும் எதன் முன்னால் உட்காரப் போகிறோம் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

பொறியியல் படித்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சி. அங்கே நரம்பறிவியல் பேராசிரியர் சுப்ரதிம் ராய் குழுவின் ஒரு வேலையைப் பாருங்கள். பெங்களூரு முதியவர்களுக்கு மின்முனைகள் பொருத்திய தொப்பியை மாட்டி, ஒவ்வொரு முனைக்கும் ஜெல் வைத்து, திரையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைக் காட்டினார்கள். அப்போது மூளையில் எழும் காமா அலைகள் (வேகமான ஒரு வகை மின் அலைகள்) வயதாக ஆக வலு குறைகின்றன என்று 2020-லும், ஆல்சைமர் என்ற மறதி நோயின் ஆரம்ப நிலையில் இருப்பவர்களிடம் இன்னும் குறைவு என்று 2021-லும் வெளியிட்டார்கள். இரைச்சலிலிருந்து அலையைப் பிரிக்க, பொறியாளர்கள் படிக்கும் சிக்னல் பிராசசிங் தெரிய வேண்டும். யாருக்கு மறதி நோய் என்று உறுதி செய்ய மருத்துவர் வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவரால் அந்த ஆய்வை முடித்திருக்கவே முடியாது.

தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்சிபிஎஸ் பெல்லாரி சாலையில், ஜிகேவிகே என்ற வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அதை நிறுவிய ஒபைத் சித்திக்கி, சூடு ஏறினால் முடங்கிப்போகும் பழ ஈக்களை வைத்து நரம்புகளை ஆராய்ந்தவர். செல், மரபணு, நரம்புச் சுற்று என்று அடியிலிருந்து போக விரும்புகிறவர்களுக்கான இடம். முதல் வருஷம் சில ஆய்வகங்களில் வேலை பார்த்துவிட்டு அப்புறம் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். இன்னும் மனசு ஒரு பக்கம் நிற்காதவர்களுக்கு இது பெரிய வரம்.

நோயிலிருந்தே கேள்வி எழ வேண்டும் என்றால், மனநலத்துக்கும் நரம்பு நோய்களுக்குமான மருத்துவமனையும் ஆய்வு நிறுவனமுமான நிம்ஹான்ஸ்தான். தானமாக வந்த மூளைகளைக் காக்கும் மூளை வங்கி அங்கே 1995-லிருந்து இருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பங்களும் நிறைய. "எப்போதிலிருந்து இப்படி?" என்று தமிழில் கேட்டால், ஒரு அம்மா படிவத்தில் இடமில்லாத விவரங்களையும் சொல்வார், தமிழ் மாணவருக்கு அது தனி பலம். ஆனால் மருத்துவமனை என்றால் நோயாளிக்குத்தான் முதலிடம், உங்கள் ஆய்வு காத்திருக்கத்தான் வேண்டும். அது சரியும்கூட.

எங்கே சேர்வதானாலும் அங்குள்ள மூத்த மாணவர்களிடம் ஒன்று விசாரியுங்கள்: உங்கள் வழிகாட்டி பிற துறைக்காரர்களோடு வாராவாரம் உட்கார்ந்து பேசுகிறாரா? இல்லையென்றால் அதே வளாகத்தில் வேறு குழுவைத் தேடுங்கள்.