கோடிஸ்டார்: புள்ளிகளால் கட்டிய ஃபொன்ட், ஹட்டன் பிரின்ட் கடையில் இருந்து

டிக்கோயாவில் அழகுநிலையம் திறந்த ஒரு அக்கா போன வருடம் கடைக்கு வந்து, "தம்பி, சீசன் நேரம் சிவனொளிபாத மலைக்கு ஏறுற பாதையில லைட் எரியுமே, அந்த மாதிரி எழுத்து வேணும்" என்றார். மஸ்கெலியாப் பக்கம் இரவில் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரைக்கும், நல்லதண்ணியில் இருந்து உச்சி வரை விளக்குப் புள்ளிகள் வளைந்து வளைந்து போகும். இருட்டில் மலையே தெரியாது, ஆனால் பாதை தெரியும்.

அதைத் தேடும்போதுதான் கோடிஸ்டார் கிடைத்தது. கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசம். லைட், ரெகுலர் என்று இரண்டு தடிப்பு. ஒவ்வொரு ஆங்கில எழுத்தும் வட்டப் புள்ளிகளை வரிசையாக வைத்துக் கட்டியது. திறந்த உரிமம் என்பதால் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் தாராளமாகப் பாவிக்கலாம், ஃபொன்ட்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

சின்னதாகப் போடாதீர்கள். விசிட்டிங் கார்டில் 12 பொயின்டில் அடித்துப் பார்த்தேன், தேய்ந்துபோன ரப்பர் முத்திரை குத்தியது போல வந்தது. இரண்டடி உயரத்தில் பெனர் அடித்தபோது அழகாகவே இருந்தது. ஆனால் பின்னேரம் மல்லியப்பு சந்தியில் மூடுபனி இறங்கியதும் லைட் தடிப்பு முதலில் மறைந்துவிட்டது, ரெகுலர் நின்றது. எங்கள் ஊருக்கு வெளியே தொங்கவிடுவதென்றால் ரெகுலர்தான். ஸ்டிக்கராக வெட்டவும் வேண்டாம். புள்ளிகளை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதை மட்டும் உரிக்க ஊசியோடு இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தேன், பாதிப் புள்ளிகள் கூடவே கழன்று வந்தன.

இதன் உண்மையான இடம் விளக்குப் பலகை. எழுத்தை முழு அளவில் பிரின்ட் எடுத்து, அலுமினியத் தகட்டில் ஒட்டி, ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் 12 மில்லிமீற்றர் துளை போட்டு எல்இடி மாட்டினோம். முன்பெல்லாம் அடிமட்டம் வைத்துப் பென்சிலால் குறிப்போம். எஸ் எழுத்து ஒருநாளும் ஒழுங்காக வளைந்ததில்லை. இப்போது அந்த அளவு வேலை முழுவதையும் ஃபொன்ட்டே செய்துவிடுகிறது. இதற்காகவே இதை மனதாரப் பாராட்டுவேன்.

சரி, தமிழுக்கு வருவோம். கோடிஸ்டாரில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. மூன்று மொழியிலும் எழுதும் பலகையில் ஆங்கிலம் மட்டும் மினுங்க, நம்முடைய எழுத்து பக்கத்தில் வெறுமனே நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் எழுத்தை ஒற்றைக் கோடாக வரைந்தேன். அந்தக் கோட்டைத் துண்டு துண்டாக்கி, முனைகளை வட்டமாக்கி, துண்டின் நீளத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் கோடு முழுக்கப் புள்ளியாக மாறிவிடும்.

"மணப்பெண் அலங்காரம்" என்று கட்டி, இரவில் சுவிட்சைப் போட்டோம். வீதிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த அக்கா, "தம்பி, என்ன இது, மணபபெண அலஙகாரமனு இருக்கு" என்றார். நான்கு மெய்யெழுத்தின் புள்ளியும் காணாமல் போயிருந்தது! எல்லாமே புள்ளியாக இருக்கும்போது தலைக்கு மேல் இருக்கும் ஒற்றை பல்பைக் கண் தனியாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த நாள் அதை எழுத்தில் இருந்து இரண்டு புள்ளி அளவு மேலே தூக்கி, ஆறு பல்புகளை வளையமாகச் சுற்றி வைத்தேன். அப்புறம்தான் ப் என்பது ப் ஆனது.

ண இன்னொரு சோதனை. ஆங்கில எழுத்தின் உயரத்திலேயே வரைந்தால் அதன் சுழிகளுக்குள் புள்ளிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. தமிழ் வரியை ஆங்கிலத்தைவிட ஒன்றரை மடங்கு உயர்த்தினேன், சுழி திறந்துகொண்டது. பெயர்ப்பலகையில் தமிழ் பெரிதாக நிற்பதில் எனக்குச் சந்தோஷம்தான், அக்காவுக்கும்.

பெரிய ஆங்கிலத் தலைப்புக்கும் விளக்குப் பலகைக்கும் கோடிஸ்டாரைத் தயங்காமல் எடுக்கலாம். தமிழில் இப்படி ஒன்று முழுதாகச் செய்ய யாராவது உட்கார்ந்தால், அகரத்தில் தொடங்காமல் மெய்யெழுத்தில் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் இதுவரை முப்பது எழுத்துப் போலச் சேர்ந்திருக்கிறது. தைப்பூசத்துக்கு முன் ஞ வரைய வேண்டும். நோர்வூட் பக்கம் ஒரு கோவிலில் "ஞானவேல்" என்று கேட்டிருக்கிறார்கள்.