பழைய பாஸ்போர்ட்டையும் கேட்டு வாங்கும் கடை

லீட்ஸில் நர்ஸாக இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். நானும் என் கணவரும் பிரிட்டன் விசிட் விசாவுக்கு விண்ணப்பிக்க, 2025 ஆகஸ்டில் தக்கலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை மாடியில் இருக்கும், விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் இந்தக் கடைக்குப் போனோம். அதற்கு முன் வேறோர் ஏஜென்டிடம் போய் மனம் கசந்து திரும்பியிருந்தோம். 2019இல் எனக்குக் கனடா விசா மறுக்கப்பட்டது. "அதை எழுதவே வேண்டாம், யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார் அவர். கடைசியில் எல்லாம் உண்மை என்று உறுதிமொழி கொடுக்கப்போவது நானல்லவா?

தக்கலைத் தம்பி முதலில் கேட்டதே பழைய பாஸ்போர்ட்களைத்தான். கடந்த 10 ஆண்டுகளில் எந்தெந்த நாட்டுக்கு, எப்போது, எதற்குப் போனோம் என்று விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். என் கணவர் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தவர். அவர் எக்ஸிட்டில், அதாவது வேலையை முடித்துக்கொண்டு, வந்த முத்திரையில் ஹிஜ்ரி எனும் இஸ்லாமிய நாட்காட்டித் தேதி, அதுவும் அரபு எண்களில், மை மங்கி. தம்பி லென்ஸை எடுத்து, தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து வாசித்தார்: 1437, ஏழாம் மாதம். அவரும் சவூதியில் இருந்தவராம். 2016 ஏப்ரல் என்று கணக்கிட்டவர் அதோடு விடவில்லை. "அந்த வருடம் ஈஸ்டர் முடிந்தா ஊருக்கு வந்தீர்கள், அண்ணாச்சி?" என்று கேட்டு, இவர் ஆமாம் என்ற பிறகுதான் தட்டச்சு செய்தார்.

என் முறை வந்தது. 2018இல் எங்கள் தேவாலயப் பங்கிலிருந்து புனித பூமிக்குப் போயிருந்தேன். முத்திரைகளைப் பார்த்துப் பார்த்து ஜோர்டான், எகிப்து என்று சொல்லிக்கொண்டு வந்தேன். "பெத்லகேமுக்குப் போகாமலா வந்தீர்கள், டீச்சர்?" என்றார். இஸ்ரேலில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. சிறிய நீலச் சீட்டு ஒன்றைத் தருவார்கள். அது என் ஜெபப் புத்தகத்துக்குள் மாதா படத்தோடு இருந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கனடா விஷயத்தில் அவர் கண்டிப்பாகவே இருந்தார். பிரிட்டன் மட்டுமல்ல, எந்த நாடு விசா மறுத்திருந்தாலும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனும் கனடாவும் குடியேற்றத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. மறைத்தது தெரிந்தால் 10 ஆண்டுத் தடை வரலாம் என்றார். மறுப்புக் கடிதத்தை வாங்கி இரண்டு முறை வாசித்து, தேதியையும் காரணத்தையும் அப்படியே எழுதினார். எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

குறைகளும் உண்டு. படிக்கட்டு செங்குத்து, மூட்டுவலிக்காரர்களுக்குச் சிரமம். உட்கார இரண்டே நாற்காலிகள். முதல் நாள் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். விண்ணப்பம் ஒன்றுக்கு 1,500 ரூபாய். எனக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை.

இருவருக்கும் ஆறு மாத விசா கிடைத்துவிட்டது. போகிறவர்கள் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். மூலை மடங்கிக் கிழிந்த பாஸ்போர்ட்டாக இருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.