பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு: மதுரையில் 18,400 ரூபாயைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன்

நேற்று ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தோம். தூக்கம் வரவில்லை. இந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். விடிந்தால் "சரி விடு, போனது போகட்டும்" என்று நானே சமாதானமாகிவிடுவேன். போனது 18,400 ரூபாய்.

வண்டி 1998 மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பாகம்) உள்ள பழைய மாடல். அப்பா வாங்கியது. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது, விற்க மனசு வரவில்லை. இரண்டு மாதமாக ஒரு கோளாறு. நிற்கும்போது எத்தனை ரேஸ் கொடுத்தாலும் அருமையாக இருக்கும். பழங்காநத்தம் பாலம் ஏறினால் பாதியில் இழுவை போய்விடும், குலுக்கிக் குலுக்கி நிற்கும். ஐந்து நிமிடம் ஓரம் கட்டினால் மறுபடி ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் சரியாக வந்து சேரவில்லை என்று எனக்கே தெரிந்தது. எந்த இடத்தில் தடை என்றுதான் தெரியவில்லை.

ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். பழைய கார்தான் ஸ்பெஷல் என்று போர்டு. பெயர் போடவில்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். ஓனருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். டேஷ்போர்டைத் திறந்தவர் அப்பாவின் நோட்டை எடுத்தார். என்றைக்கு எத்தனை லிட்டர் போட்டார், எப்போது ஆயில் மாற்றினார் என்று தேதி வாரியாக அப்பா எழுதி வைத்திருந்த நோட்டு. பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இப்படி எழுதி வைக்கிற ஆளு இப்ப யாரு தம்பி இருக்கா? இந்த வண்டிய நான் சாக விடமாட்டேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அதற்கப்புறம் அவர் சொன்ன எதையும் நான் கேள்வி கேட்கவே இல்லை.

மறுநாள் கூப்பிட்டு ஒரு டம்ளரைக் காட்டினார். அடியில் கறுப்பாக வண்டல். "உங்க டேங்க்ல இருந்தது. கார்புரேட்டர் போச்சு, பம்ப்பும் போச்சு." புது கார்புரேட்டர் 9,500, பம்ப் 2,800, டேங்க் கழுவ 2,600, பிளக், ஃபில்டர், கூலி சேர்த்து 3,500. ஆக 18,400. பத்தாயிரம் அன்றைக்கே வாங்கிக்கொண்டார், மீதி வண்டி எடுக்கும்போது. அந்த வண்டல் என் டேங்கில் இருந்ததுதானா என்று இப்போது யோசிக்கிறேன். டேங்கை இறக்கியதை நான் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் அதே பாலம், அதே குலுக்கல். போய்ச் சொன்னேன். பையன் ஒருவன் ஸ்குரூ டிரைவரால் ஏதோ ஒன்றைக் கால் சுற்று திருகிவிட்டு "ஓட ஓட செட் ஆகிரும்ணே" என்றான். அடுத்த தடவை "ஓனர் ஊர்ல இல்ல." அதற்கடுத்த தடவை அவரே இருந்தார். "இப்ப வர்ற பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால் தம்பி, நாங்க என்ன பண்றது?" பழைய கார்புரேட்டரையாவது கொடுங்கள் என்றேன். "அது அன்னைக்கே இரும்புக்குப் போயிருச்சே." அப்புறம் போனே எடுக்கவில்லை.

நேற்று தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து. தேனிப் பக்கம் குலதெய்வக் கோயில், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். நான் ஒரே தாய்மாமன், என் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது வண்டி நின்றது. ஸ்டார்ட் ஆகும், நூறு அடி போகும், நிற்கும். மூன்று தடவை. கம்மலை அம்மா கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். சீர்த் தட்டுகளோடு வண்டியை நடுக் கணவாயில் விட்டுவிட்டு எப்படிப் போவது? பால் வேன்காரர் ஒருவர் கயிறு கட்டி உசிலம்பட்டிக்கு இழுத்து வந்தார். அவருக்குக் கோடி புண்ணியம்.

அங்கே ஒரு சின்ன ஷெட். எழுபது வயதுப் பெரியவர். நான் 18,400 கதையைச் சொல்லச் சொல்ல அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் பெட்ரோல் மூடியைத் திருகிக் காதை வைத்துக் கேட்டார். மூடியில் காற்று வழி அடைத்திருந்தால் புஸ்ஸென்று உறிஞ்சுமாம். சத்தம் இல்லை. அடுத்து, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை உருவி வெட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொன்னார். பெட்ரோல் விட்டு விட்டு வந்தது, நடுவில் குமிழி குமிழியாக. பிறகு டேங்க் லைனைப் பம்ப்பிலிருந்து கழற்றி, பம்ப் நேராகப் பாட்டிலிலிருந்து உறிஞ்சுகிற மாதிரி ஒரு டியூப் மாட்டினார். மறுபடி செல்ஃப். இப்போது ஒரே சீராகப் பீய்ச்சி அடித்தது.

"பம்ப் நல்லா இருக்கப்பா. அதுக்கும் டேங்குக்கும் நடுவுல எங்கயோ காத்து இழுக்குது" என்றவர் வண்டிக்கு அடியில் படுத்தார். டேங்க் பக்கம் ஹோஸ் வளைகிற இடத்தில் வெடிப்பு. இருபத்தைந்து வருடத்துக்கு மேலான ரப்பர், கருவாடு மாதிரி விறைத்திருந்தது. உறிஞ்சுகிற பக்கம் என்பதால் ஒரு சொட்டு வெளியே ஒழுகவில்லை, காற்றுதான் உள்ளே போயிருக்கிறது. கார்புரேட்டருக்குள் சின்னதாக ஒரு பெட்ரோல் கிண்ணம் உண்டு. நிற்கும்போது வருகிற கொஞ்சப் பெட்ரோலே அதற்குப் போதும். மேடு ஏறும்போது வரவைவிடச் செலவு அதிகம், கிண்ணம் காலியாகி வண்டி நிற்கிறது. இரண்டு மாதக் கோளாறும் இதுதான். ஹோஸ், இரண்டு கிளிப் 240 ரூபாய். கூலி 300.

கிளம்பும்போது அந்தப் "புது" பம்ப்பை நகத்தால் சுரண்டிக் காட்டினார். வெள்ளிப் பெயிண்ட் பொருக்காக உதிர்ந்தது, உள்ளே பழைய கறை. கார்புரேட்டரிலும் ஸ்குரூ தலையெல்லாம் தேய்ந்திருந்தது. கார்புரேட்டர் மாடல் நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, புதுசு எங்கிருந்து வரும்? என்னுடைய நல்ல கார்புரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு, யாருடையதோ ஒன்றை எனக்கே 9,500க்கு விற்றிருக்கிறார்கள்.

நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. பிள்ளை ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் உட்கார்ந்து குத்தி முடித்தாயிற்று. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்தே வேறு நம்பரில் ஓனரைக் கூப்பிட்டேன், எடுத்தார். "மலை ஏத்துனா பழைய வண்டி அப்படித்தான் தம்பி இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார். 18,400 ரூபாய் வாங்கியவர் பேசுகிற பேச்சா இது?

விவரமாக யோசனை எழுத நினைத்தேன், முடியவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்ரோல் லைனைச் சோதித்துக் காட்டாமல் கார்புரேட்டரில் கை வைக்க விடாதீர்கள். பழைய வண்டி என்றால் முதலில் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள், எத்தனால் பழைய ரப்பருக்கு ஆகாது என்பது உண்மைதான். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பாட்டில் சோதனையைச் சூடான இன்ஜின் பக்கத்தில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும். பில் கேளுங்கள். என்னிடம் இருப்பது துண்டுச் சீட்டு, கடைப் பெயர்கூட அதில் இல்லை. அதனால்தான் பெயர் எழுதவில்லை. காலையில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசிவிட்டு, இந்த வெடித்த ஹோஸை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போகிறேன். என் அப்பா வண்டியின் கார்புரேட்டர் எனக்குத் திரும்ப வேண்டும்.